வலி போய்விட்டது, நாண் இன்னும் ஆறவில்லை

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கணுக்கால், குதிகால், முழங்கால், விரல் பற்றியவை. தசைநாணையும் மூட்டுநாரையும் பற்றி ஒருமுறை நிதானமாக எழுத வேண்டும் என்று எனக்கும் ரொம்ப நாளாக ஆசை. பிசியோதெரபிஸ்ட்டாக 22 வருடம் ஆகிறது. எலும்பு முறிந்து வருகிறவர்களைவிட நாணும் நாரும் பாதிக்கப்பட்டு வருகிறவர்கள்தான் அதிகம் மனம் தளர்ந்து போகிறார்கள். முறிவு என்றால் எக்ஸ்ரேயில் கோடு தெரியும், வீட்டில் எல்லோரும் நம்புவார்கள். நாண் விஷயத்தில் அப்படி இல்லை. பத்து நாள் கழிந்ததும் "நன்றாகத்தானே நடக்கிறாய்?" என்று கேட்டுவிடுவார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: படி இறங்கும்போது இடது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. "நரம்பு பிசகியிருக்கிறது" என்றார் ஒருவர். "ஜவ்வு கிழிந்திருக்கும்" என்றார் இன்னொருவர். ஒருவர் அழுத்தி நீவி விட்டதில் வீக்கம் இன்னும் கூடியது. மூன்று வாரம் ஆகிறது. நடக்க முடிகிறது, ஆனால் மேடுபள்ளமான தரையில் கால் மறுபடியும் மடங்கப் பார்க்கிறது. எனக்கு என்னதான் ஆகியிருக்கிறது மேடம்?
– பள்ளி ஆசிரியை, வயது 34

பதில்: முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண், டெண்டான். எலும்பை எலும்போடு கட்டுவது மூட்டுநார், லிகமென்ட். பேச்சில் ஜவ்வு என்று சொல்வது பெரும்பாலும் இந்த மூட்டுநாரைத்தான். முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டையும் சிலர் ஜவ்வு என்பதால், "ஜவ்வு கிழிந்தது" என்று யாராவது சொன்னால் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நரம்பு என்பது மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் செய்தி கொண்டுபோகும் கம்பி. அது உங்களுக்குப் பிசகவில்லை. ஆனால் அப்படிச் சொன்னவரைக் குறை சொல்லவும் மாட்டேன். பழந்தமிழில் யாழின் தந்திக்குப் பெயரே நரம்புதான். கிரேக்க மொழியிலும் இதே கதை. 'நியூரோன்' என்ற சொல் முதலில் நாணையும் நாரையும் குறித்தது, உணர்ச்சி நரம்புக்கு அது பிறகுதான் போய்ச் சேர்ந்தது. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன், நாணுக்குள் நரம்பும் கலந்திருக்கிறது என்று நம்பினார். நாணில் ஊசி பட்டால் வலிப்பு வரும் என்று எச்சரித்தார். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பில், அறுந்த நாணைத் தைக்கப் பல நூற்றாண்டுகள் பலரும் தயங்கினார்கள். ஒரு சொல் குழம்பினால் எத்தனை கைகள் மடங்காமல் போகும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, உங்கள் கணுக்காலுக்கு வருவோம். பாதம் உள்பக்கமாக மடங்கினால் முதலில் அடிபடுவது, வெளிக்கணுவின் முன்பக்கத்தில் இருக்கும் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நார். வெளிக்கணுவின் நுனியிலிருந்து ஒரு விரல் முன்னே தள்ளி அழுத்திப் பாருங்கள். உங்களுக்கு இன்னும் அங்கேதான் வலிக்கும் என்று நினைக்கிறேன். எலும்பு முறிந்திருக்குமா என்ற சந்தேகத்துக்கு, கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வகுத்த எளிய விதிகள் உதவும். கணு எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலி, பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவில் துருத்தும் எலும்பிலோ உள்வளைவின் மேலுள்ள எலும்பிலோ வலி, அடிபட்டவுடனும் பரிசோதிக்கும்போதும் நாலு அடிகூட எடுத்து வைக்க முடியாமை – இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம், கால் ஏன் மறுபடி மடங்கப் பார்க்கிறது என்பது. மூட்டுநாருக்குள் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. மூட்டு எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். நார் கிழியும்போது இந்தச் செய்திப் போக்கும் குலைகிறது. பாதம் சாய்வதை உடல் கொஞ்சம் தாமதமாக உணர்கிறது, பிடித்து நிறுத்த வேண்டிய தசை பிந்திவிடுகிறது. நார் ஒட்டினாலும், பழக்காமல் விட்டால் இந்தக் குறை அப்படியே தங்கிவிடும். பல் தேய்க்கும்போது சுவருக்குப் பக்கத்தில் இடது காலில் மட்டும் நில்லுங்கள். முப்பது விநாடி தடுமாறாமல் நிற்க வந்த பிறகு கண்ணை மூடி நில்லுங்கள். எவ்வளவு ஆடுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். வலது காலில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்களோ அவ்வளவு நேரம் இடது காலிலும் நிற்க முடிகிறவரை தினமும் செய்யுங்கள். நீவி விடுவதை நிறுத்திவிடுங்கள். கிழிந்த இழையை நீவி ஒட்டவைக்க முடியாது.

கேள்வி: நாண் கயிறு மாதிரி என்று பாடத்தில் ஒரு வரி வருகிறது. உண்மையிலேயே கயிறுதானா? அவ்வளவு மெல்லியது எப்படி அவ்வளவு கனம் தாங்குகிறது?
– கல்லூரி மாணவர்

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. ஒரு நிமிடம் புத்தகத்தை மூடி வையுங்கள். வலது முன்கையை இடது கையால் முழங்கைக்குச் சற்றுக் கீழே சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலது விரல்களைப் பியானோ வாசிப்பதுபோல் ஆட்டுங்கள். உங்கள் பிடிக்குள் தசைகள் நெளிவது தெரியும். விரல்களுக்குள் அவற்றை மடக்கி நீட்டும் தசைத்திரள் எதுவும் இல்லை. அங்கே இருப்பதெல்லாம் நாண்கள். இழுக்கும் ஆள் முன்கையிலும் உள்ளங்கையிலும் உட்கார்ந்திருக்கிறான், கயிறு மட்டும் விரலுக்குப் போகிறது. அதனால்தான் விரல் இவ்வளவு ஒல்லியாக இருக்க முடிகிறது. இப்போது கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு கம்பி எழும்பினால், அது உள்ளங்கை நெடுநாண். சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது. இல்லையென்றாலும் கைக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் வேறு இடத்தில் நாண் ஒட்ட வேண்டும் என்றால் அறுவை மருத்துவர்கள் முதலில் இதைத்தான் தேடுவார்கள்.

படிக்கும் காலத்தில் உடற்கூறு அறையில் நான் முதன்முதலில் ஒரு நாணைக் கையில் எடுத்துப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. முத்து மாதிரி ஒரு வெண்மை. தளர்வாகப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தால், மேற்பரப்பில் குறுக்கே மெல்லிய வரிவரியாக மின்னியது. இரு முனையையும் பிடித்து இழுத்தேன். வரிகள் மறைந்துவிட்டன. விட்டதும் திரும்பி வந்தன. அந்த வரிகள் ஏன் என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

நாணின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். இந்தக் கொலாஜன் மூலக்கூறு முப்புரியாகத் திரித்த கயிறு என்பதைக் கண்டுபிடித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1954இல் மூன்று இழைகள் என்றார்கள். 1955இல் அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று திருத்திச் சொன்னார்கள். அவர்கள் எக்ஸ்ரே செலுத்திப் பார்த்த பொருட்களில் ஒன்று கங்காருவின் வால் நாண். ஒவ்வொரு இழையும் இடப்பக்கம் சுழல, மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்குகின்றன. கயிறு திரிப்பவர்களுக்கு இது புரியும். புரியை ஒரு பக்கமும் கயிற்றை எதிர்ப்பக்கமும் முறுக்கினால்தான் இழுக்கும்போது பிரியாது. மூன்று இழைகளும் நெருங்கும் நடுவில் இடம் மிகக் குறைவு. அதனால் அங்கே வரும் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் இருப்பதிலேயே சிறியதான கிளைசினாக இருக்க வேண்டும்.

ஒரு மூலக்கூறின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். இவை அடுக்கடுக்காகச் சேர்ந்து நுண்ணிழை, நுண்ணிழைகள் சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து கற்றை, கற்றைகள் சேர்ந்து நாண். ஒவ்வொரு கட்டையும் மெல்லிய உறை சுற்றியிருக்கும். உறை வழியாகத்தான் ரத்தக் குழாய்கள் உள்ளே போகும். தளர்வாக இருக்கும்போது இந்த இழைகள் நேராக இருப்பதில்லை, அலை அலையாகச் சுருங்கியிருக்கும். நான் பார்த்த வரிகள் அந்த அலைகள். இழுக்கத் தொடங்கியதும் முதலில் அலைகள் நேராகின்றன, இதற்கு அதிக விசை தேவையில்லை. அதன் பிறகுதான் நாண் விறைத்து உண்மையான பாரத்தை வாங்குகிறது. 15 சென்டிமீட்டர் நாண் ஒன்றை எடுத்துக்கொண்டால், பாடநூல் கணக்கில் முதல் 3 மில்லிமீட்டர் அலை நிமிர்வது. 6 மில்லிமீட்டர் வரை இழுத்தாலும் விட்டால் பழைய நீளத்துக்கு வந்துவிடும். அதைத் தாண்டினால் உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக விடத் தொடங்கும். 12 முதல் 15 மில்லிமீட்டரில் மொத்தமாக அறுந்துவிடும். பத்திரமான எல்லைக்கும் அறுவதற்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கனம் தாங்குவது பற்றிக் கேட்டீர்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டு உள்ள நாண் 500 முதல் 1000 கிலோ வரை தாங்கும். பின்லாந்தில் பாவோ கோமியும் சக ஆய்வாளர்களும், தன்னார்வலர்களின் குதிநாணைச் (கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு கட்டும் நாண்) சுற்றி ஒரு சின்ன பக்கிள் போன்ற அளவுகருவியை அறுவை செய்து பொருத்தி, அவர்களை ஓடவிட்டே அளந்தார்கள். வேகமாக ஓடும்போது உடல் எடையைப்போல் 12 மடங்கு விசை அந்த நாணில் விழுந்தது. அந்த விசையை வாங்கி, விரிந்து, பாதம் தரையை விட்டு எழும்பும்போது ஏறக்குறைய முழுவதையும் திருப்பித் தந்துவிடுகிறது நாண். வில்லின் நாணுக்கும் இதற்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் இந்தக் கணக்கு எதையும் பார்க்காமல்தான் வைத்தார்கள். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

மூட்டுநாரும் இதே பொருள்தான், ஆனால் இழைகள் அவ்வளவு ஒரே திசையில் ஓடாது. மூட்டு பல பக்கம் அசையும் அல்லவா, அதற்கு ஏற்றபடி கொஞ்சம் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். முதுகெலும்பு வளையங்களை இணைக்கும் ஒரு நார் மட்டும் விதிவிலக்கு. அதில் ரப்பர் போன்ற எலாஸ்டின் அதிகம், நிறமே மஞ்சள்.

கேள்வி: ஐந்து மாதமாகக் குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் வலி. காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி நொண்டி நொண்டித்தான் நடக்கிறேன். அப்புறம் சரியாகிவிடுகிறது. இரண்டு வாரம் ஓடாமல் இருந்தால் வலி போகிறது, ஓடத் தொடங்கினால் திரும்புகிறது. ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?
– நெடுந்தூர ஓட்டக்காரர், வயது 41

பதில்: குதிநாணில் ஊசி வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது அப்படியே குதிநாண் தேய்வின் குணம். காலை விறைப்பு, சூடு ஏறினால் குறைவது, ஓய்வில் போய் ஓட்டத்தில் திரும்புவது. முன்பு இதை அழற்சி என்று நினைத்தோம். இப்படிப்பட்ட நாண்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வழக்கமான அழற்சியில் திரளும் ரத்த அணுக்கள் அதிகம் தென்படவில்லை. இழைகள் ஒழுங்கு குலைந்து, இடையில் தண்ணீர் கோத்து, இருக்க வேண்டாத இடத்தில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. பாரம் கூடிய வேகத்துக்கு நாணால் தன்னைச் சீர்படுத்திக்கொள்ள முடியவில்லை என்று பொருள். ஸ்டீராய்டு அந்த வலியைச் சில வாரம் அமர்த்தும். ஆனால் கொலாஜன் உருவாவதையும் அது தடுக்கும், நாணையே வலுவிழக்கச் செய்யும். டென்னிஸ் எல்போ என்ற முழங்கை நாண் வலியில் நடந்த சோதனைகளில், ஊசி போட்டவர்கள் ஆறு வாரத்தில் நன்றாக இருந்தார்கள், ஒரு வருடத்தில் போடாதவர்களைவிடப் பின்தங்கினார்கள். குதிநாண் உடல் எடை முழுவதையும் தாங்குவது. அங்கே அறுந்தால் விளைவு பெரிது.

இதே காரணத்தால் இன்னொரு கேள்வி: சமீபத்தில் காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரை சாப்பிட்டீர்களா? இந்த வகை ஆன்டிபயாட்டிக் நாணைப் பலவீனப்படுத்தும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இவற்றின்மேல் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, போட வைத்தது. சாப்பிட்டிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தாலும் சொல்லுங்கள், ரத்தத்தில் மிகும் சர்க்கரை கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைத்து விறைக்க வைக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரட்சனுக்கே உங்களுடைய பிரச்சினை இருந்தது. அறுவை செய்யச் சொல்லி மேலதிகாரியிடம் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். நாண் அறுந்தால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று, வலிக்க வலிக்கக் குதிகாலுக்குப் பாரம் ஏற்றினார். நாண் அறுவதற்குப் பதில் வலி குறைந்துவிட்டது. அதிலிருந்து பிறந்த பயிற்சியை 1998இல் வெளியிட்டார். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நேராக வைத்து 15 தடவை வீதம் மூன்று முறை, லேசாக மடக்கி அதேபோல் மூன்று முறை. காலையும் மாலையும். பன்னிரண்டு வாரம். நாளுக்கு 180 தடவை ஆகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது அதிகம்தான். வாரம் மூன்று நாள் மட்டும், கனமான எடையோடு ரொம்ப மெதுவாக ஏறி இறங்குவதும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறேன், விடாமல் செய்ய முடிகிறது என்பதால். உங்களுக்கு வலி குதி எலும்போடு நாண் ஒட்டும் இடத்திலேயே இருந்தால், குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டாம், சமதரையில் செய்யுங்கள்.

பயிற்சியின்போது வலி இருக்கலாம். பத்துக்கு நாலு, ஐந்து என்ற அளவு வரை பரவாயில்லை. மறுநாள் காலை முதல் பத்து அடி முந்தைய நாளைவிட மோசமாக இருக்கக் கூடாது. அதுதான் உங்கள் அளவுகோல், தினமும் குறித்து வையுங்கள்.

"பன்னிரண்டு வாரமா?" என்று முகம் வாடுவீர்கள். 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் ஏறியது. அந்தக் காலத்தில் உடலில் உருவான திசுக்களில் அதன் சுவடு இருக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் அந்தச் சுவட்டைக் குதிநாணில் தேடினார்கள். நாணின் மையப் பகுதி, ஏறக்குறைய 17 வயதோடு உருவாகி முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்று தெரிந்தது. இன்று நீங்கள் ஓடுவது பதினேழு வயதில் உங்களிடம் இருந்த அதே மையக் கயிற்றில். அதற்குப் பன்னிரண்டு வாரம் கொடுப்பது அதிகமில்லை.

கேள்வி: குதிநாண் அறுந்து, அறுவை இல்லாமல் பூட்ஸ் போட்டுவிட்டார்கள். ஒன்பது வாரம் ஆகிறது. வலி சுத்தமாக இல்லை. ஆனாலும் ஓடாதே, குதிக்காதே, குனிந்து காலை நீட்டாதே என்கிறார்கள். ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?
– வயது 38, தனியார் நிறுவன ஊழியர்

பதில்: எட்டு வருடத்துக்கு முன் நீங்கள் இருக்கும் இடத்தில் நான் இருந்தேன். இறகுப் பந்து ஆடிக்கொண்டிருந்தேன். பின்னால் போன பந்துக்காக வலது காலை ஊன்றி உந்தினேன். யாரோ பின்னாலிருந்து குதிகாலில் ஓங்கி உதைத்ததுபோல் இருந்தது. கோபமாகத் திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது. அங்கேயே குப்புறப் படுத்து, கூட ஆடியவரைக் கெண்டைக்கால் சதையைப் பிசையச் சொன்னேன். இடது காலைப் பிசைந்தால் பாதம் கீழ்நோக்கி அசைந்தது. வலது பாதம் அசையவே இல்லை.

எனக்கும் அறுவை செய்யவில்லை. அது தவறான முடிவும் இல்லை. நார்வேயில் 526 பேரை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஒரு வருடக் கடைசியில் அறுவை செய்தவர்களும் செய்யாதவர்களும் ஏறக்குறைய ஒரேபோல் இருந்தார்கள். அறுவை செய்யாதவர்களுக்கு மறுபடி அறுவது சற்று அதிகம், செய்தவர்களுக்கு நரம்பு பாதிக்கப்படுவது அதிகம்.

என் தப்பு பத்தாவது வாரத்தில் நடந்தது. வலி இல்லை. வீட்டுக்குள் பூட்ஸைக் கழற்றிவிட்டிருந்தேன். தொலைபேசி மணி அடித்தது, மூன்று படி வேகமாக ஏறினேன். முன்பாதம் மட்டும் படியில், குதிகால் கீழே தொங்கியது. அறுந்த சத்தம் எதுவும் இல்லை. மெதுவாக ஏதோ நீண்டதுபோல் ஒரு உணர்ச்சி, அவ்வளவுதான். இன்று வரை வலது காலில் மட்டும் நின்று எழும்பினால், குதிகால் இடதைவிட இரண்டு விரற்கடை தாழ்வாகத்தான் எழும்புகிறது. நாண் நீளமாகவே ஆறிவிட்டது. நீண்ட நாணைத் தசையால் கடைசிவரை இழுக்க முடியாது. என் தொழிலில் இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அன்று எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்குப் பொறுமை வரும். முதல் சில நாட்கள் அறுந்த இடைவெளியில் ரத்தம் உறைந்து நிற்கும். துப்புரவு செய்யும் அணுக்கள் வந்து சிதைந்த இழைகளை அகற்றும். இந்தக் கட்டத்தில்தான் வீக்கமும் வலியும். முதல் வாரத்துக்குள்ளேயே, நாணின் உறையிலிருந்தும் சுற்றிலுமிருந்தும் செல்கள் வந்து கொலாஜன் நூற்கத் தொடங்கும். ஆனால் அவசரத்துக்கு நூற்பது மூன்றாம் வகைக் கொலாஜன். மெல்லியது, திசையே இல்லாமல் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி கிடக்கும். இடைவெளி நிரம்பிவிடும், வலியும் போய்விடும். ஆறு வாரத்துக்குப் பிறகுதான் பழுது பார்க்கும் உண்மையான வேலை ஆரம்பம். மூன்றாம் வகையை எடுத்துவிட்டு முதல் வகைக் கொலாஜனை வைக்க வேண்டும், இழுவை வரும் திசையில் வரிசைப்படுத்த வேண்டும், இழைக்கும் இழைக்கும் குறுக்குப் பிணைப்பு போட வேண்டும். இது ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் நடக்கும். முடிந்த பிறகும் பழைய நாண் கிடைக்காது. என் வலது குதிநாணைத் தொட்டால் இடதைவிட ஒன்றரை மடங்கு தடிமன். தரம் குறைந்ததை அளவால் ஈடுகட்டியிருக்கிறது.

ஒன்பதாவது வாரத்தில் உங்களிடம் இருப்பது பாதி சிக்கெடுத்த நூல்கண்டு. அதற்காகக் காலை அசைக்காமலே வைக்கவும் கூடாது. இழைகளுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாண் செல்கள் இழுவையை உணர்ந்துதான் எந்தத் திசையில் நூற்பது என்று தெரிந்துகொள்கின்றன. இழுவையே வராவிட்டால் இருக்கும் வலுவும் போகும். குரங்குகளின் காலை எட்டு வாரம் அசையாமல் கட்டிவைத்துச் செய்த பழைய ஆய்வு ஒன்றில், அடிபடாத முழங்கால் நாரின் வலு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. கட்டை அவிழ்த்து ஒரு வருடம் கழித்தும் முழுதாகத் திரும்பவில்லை. அதனால் உங்கள் சிகிச்சையாளர் சொல்லும் அளவு உட்கார்ந்தபடி குதிகாலை எழுப்புங்கள். பாதத்தை முழங்கால் பக்கமாக மேலே இழுக்கும் எந்த அசைவும் வேண்டாம். படியில் முழுப் பாதத்தையும் வைத்து ஏறுங்கள்.

கேள்வி: என் மகனுக்கும் அவன் நண்பனுக்கும் விளையாட்டில் முழங்கால் நார் கிழிந்தது. நண்பனுக்குப் பட்டை மட்டும் போட்டார்கள், இரண்டே மாதத்தில் ஆறியது. என் மகனுக்கு அறுவை என்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: இருவருக்கும் கிழிந்தது வேறு வேறு நார். நண்பனுக்கு முழங்காலின் உள்பக்கவாட்டு நார். அது மூட்டுக்கு வெளியே, ரத்த ஓட்டமுள்ள திசுவோடு ஒட்டி இருக்கிறது. கிழிந்தால் ரத்தம் அங்கேயே உறைந்து, ஆறுவதற்கு ஒரு பாலம் கிடைக்கும். உங்கள் மகனுக்கு முன் சிலுவை நார். அது மூட்டுக்குள் இருக்கிறது. மூட்டு நீர் அந்த ரத்த உறைவை நிற்கவிடாமல் கரைத்துவிடும், இரு முனைகளும் பாலமில்லாமல் தனித்தனியாக நிற்கும். அதனால் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு நாரின் இடத்தில் பொருத்துகிறார்கள்.

எல்லோருக்கும் அறுவை கட்டாயம் இல்லை. நேர்கோட்டில் நடப்பது, நீந்துவது, சைக்கிள் ஓட்டுவது போதும் என்றால் பயிற்சியாலேயே பலர் சமாளிக்கிறார்கள். மகன் மறுபடி வெட்டித் திரும்பும் ஆட்டம் ஆடப்போகிறானா என்று அவனிடமே கேளுங்கள். அறுவை செய்தால் ஒன்றை மறக்காதீர்கள். பொருத்திய நாணில் முதலில் செல்கள் மடிந்து, பிறகு புதியவை குடியேறும். நடுவில் வரும் சில வாரங்களில் அது பொருத்திய நாளைவிடப் பலவீனமாக இருக்கும். பையனுக்கோ அப்போதுதான் கால் லேசானதுபோல் தோன்றும். ஒன்பது மாதத்துக்கு முன் மைதானத்துக்கு விடாதீர்கள்.

கேள்வி: கொலாஜன் தூள் குடித்தால் நாண் வலுவாகுமா?

பதில்: குடித்த கொலாஜன் வயிற்றில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துவிடும், நேராகப் போய் நாணில் ஒட்டாது. சின்னச் சின்ன ஆய்வுகள் சில நம்பிக்கை தருகின்றன. பயிற்சியைவிட அதை நம்பச் சொல்லும் அளவுக்கு இல்லை. வைட்டமின் சி விஷயம் வேறு. முப்புரி பிரியாமல் நிற்க அது தேவை. பழைய காலக் கப்பல்களில் மாதக்கணக்கில் அது கிடைக்காமல் ஸ்கர்வி வந்த மாலுமிகளுக்கு, பல வருடம் முன் ஆறிய காயத் தழும்புகளே திறந்துகொண்டன. வழக்கமாகப் பழமும் காய்கறியும் சாப்பிடுகிறவருக்கு அந்தக் குறை வராது.

கேள்வி: உடைந்த கண்ணாடி கிழித்து ஆள்காட்டி விரலின் நாண் அறுந்துவிட்டது. தைத்து ஐந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் விரலை அசைக்கச் சொல்கிறார் பிசியோ. தையல் விட்டுவிடாதா? வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள்.
– இல்லத்தரசி, வயது 45

பதில்: அம்மா, உங்கள் பிசியோ சொல்வதைக் கேளுங்கள். விரலை மடக்கும் இரண்டு நாண்கள் ஒரே குழாய்க்குள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகின்றன. அறுந்த நாண் ஆறும்போது பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். குழாயோடு ஒட்டிவிட்டால் நாண் பிழைத்தாலும் விரல் மடங்காது. இந்தக் காரணத்தால்தான் அமெரிக்கக் கை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் இந்தப் பகுதியை 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று சொல்லி, அங்கே உடனே தைக்க வேண்டாம் என்றார். இன்று தைக்கிறார்கள். தையல் முறை வலுவாகிவிட்டது, சீக்கிரமே அசைக்கவும் கற்றுக்கொண்டோம். குழாய்க்குள் நாண் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் முன்னும் பின்னும் வழுக்கினால் போதும், ஒட்டுவதைத் தடுத்துவிடலாம். ஒரு அரிசி மணியின் நீளம்கூட இல்லை.

ஆனால் சொன்னபடி மட்டும். கையின் பின்பக்கம் போட்டிருக்கும் சிம்பை (ஸ்பிளின்ட்) கழற்றாமல், அதற்குள்ளேயே அசைக்க வேண்டும். மற்றக் கையால் விரலை மெதுவாக மடக்கிவிடுங்கள், பிறகு சிம்பைத் தொடும்வரை விரலைத் தானாக நீட்டவிடுங்கள். விரலின் சொந்தப் பலத்தில் எதையும் பிடித்து இறுக்காதீர்கள். துணி பிழிவது, வாளி தூக்குவது, கதவுப் பிடியைத் திருகுவது எல்லாம் பன்னிரண்டாவது வாரம் வரை அந்தக் கைக்கு வேண்டாம். தூங்கும்போதும் சிம்பு இருக்கட்டும், தூக்கத்தில் கை தன்னையறியாமல் மூடிக்கொள்ளும். நடுவில் ஒருநாள் விரல் திடீரென்று மடங்காமல் போனாலோ, உள்ளே ஏதோ விட்டதுபோல் தோன்றினாலோ மறுநாளைக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். சில நாளுக்குள் போனால் மறுபடி தைக்க வாய்ப்பு இருக்கிறது.